350 கிலோவாட் சார்ஜர், 38 கிலோவாட் வேகம்: என்ன நடக்கிறது?

(திரையில்: சார்ஜரின் எண் 148-இல் தொடங்கி 90, 60, 38 என்று இறங்குகிறது.)

மின்சாரக் காரில் பிளக்கைச் செருகியதும் சார்ஜர் 148 கிலோவாட் காட்டியது. அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் 38. சார்ஜர் மக்கர் செய்கிறதோ என்று பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகுகிறவர்கள் நிறைய உண்டு, என் முதல் நெடும்பயணத்தில் நானும் அதைத்தான் செய்தேன். சார்ஜருக்கு ஒன்றும் ஆகவில்லை. வேகத்தைக் குறைக்கச் சொல்வது கார்தான்.

முதலில் ஒரு சின்ன விஷயம். வீட்டில் வருவது ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம், பேட்டரிக்கு வேண்டியது ஒரே திசையில் ஓடும் டிசி. அதை மாற்றித் தரும் கருவி காருக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் சின்னது, பெரும்பாலும் 7 அல்லது 11 கிலோவாட்டோடு நின்றுவிடும். ஹைவே ஓரம் நிற்கும் பெரிய பெட்டி மாற்றும் வேலையைத் தானே செய்து, டிசியை நேராகப் பேட்டரிக்கு அனுப்புகிறது. அதனால்தான் அங்கே வேகம்.

(திரையில்: வோல்ட் × ஆம்பியர் = வாட்)

சரி, பெட்டியில் 350 என்று எழுதியிருக்கிறதே, அது ஏன் கிடைப்பதில்லை? பல மின்சாரக் கார்களில் வேக சார்ஜுக்கு இருக்கும் சிசிஎஸ் என்ற வகைப் பிளக் வழியாகப் பொதுவாக அதிகபட்சம் 500 ஆம்பியர்தான் போகும். உங்கள் கார் 400 வோல்ட் என்றால் பெருக்கிப் பாருங்கள், 200 கிலோவாட். பெட்டியில் எவ்வளவு பெரிய எண் இருந்தாலும் அதைத் தாண்டாது. ஆம்பியரை ஏற்றிக்கொண்டே போகவும் முடியாது, கேபிள் சூடாகிவிடும், இப்போதே பெரிய சார்ஜர்களின் கேபிளுக்குள் குளிர்விக்கும் திரவம் ஓடுகிறது. அதனால் வோல்டை இரட்டிப்பாக்கினார்கள். 2019-இல் போர்ஷே டைகான் 800 வோல்ட்டோடு வந்தது, 2021-இல் வந்த ஹூண்டாய் ஐயானிக் 5 தகுந்த சார்ஜரில் 18 நிமிடத்தில் 10 சதவீதத்திலிருந்து 80-க்கு ஏறும் என்பது நிறுவனத்தின் கணக்கு. ஒரு வேடிக்கை, இப்படிப்பட்ட காரைப் பழைய 400 வோல்ட் சார்ஜரில் போட்டால் வோல்டை ஏற்றும் வேலை காரின் தலையில் விழுகிறது, சில கார்கள் அங்கே மற்றவற்றைவிட மெதுவாகிவிடும்.

இப்போது அந்த 38-க்கு வருவோம்.

(திரையில்: அடுக்கடுக்கான கிராஃபைட் தாள்கள், நடுவே நகரும் புள்ளிகள்.)

சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் இருக்கும் கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் போய் உட்காருகின்றன. தடித்த புத்தகத்தின் தாள்களுக்கு நடுவே துண்டுச் சீட்டுகளைச் செருகுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். புத்தகம் காலியாக இருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு செருகலாம், முக்கால்வாசி நிறைந்தபின் ஒவ்வொரு சீட்டுக்கும் இடம் தேட வேண்டும். அப்போதும் பழைய வேகத்திலேயே தள்ளினால் அயனிகள் உள்ளே போகாமல் வெளிப்பக்கத்திலேயே லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும். இந்தப் படிவு பேட்டரியின் ஆயுளைத் தின்றுவிடும். குளிரில் அயனிகள் மந்தமாக நகர்வதால் அங்கேயும் இதே ஆபத்து. கார் இதெல்லாம் தெரிந்துதான் வேகத்தைக் குறைக்கிறது, திட்டாதீர்கள்.

ஆகவே நெடும்பயணத்தில் 100 சதவீதம் வரை ஏற்றுவது பல சமயம் வெட்டி வேலை. நிறைய கார்களில் 80-லிருந்து 100-க்குப் போக ஆகும் நேரம், 10-லிருந்து 80-க்குப் போக ஆகும் நேரத்துக்குச் சமமாகிவிடும். பத்து, பதினைந்து சதவீதத்தோடு சார்ஜருக்கு வாருங்கள், 70 அல்லது 80-இல் கிளம்புங்கள். கார் வாங்கும்போதும் "உச்சம் 250 கிலோவாட்" என்ற விளம்பரத்தை விட்டுவிட்டு 10-லிருந்து 80-க்கு எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். உச்சத்தை மூன்று நிமிடம் தொட்டுவிட்டுச் சரிகிற கார்களும் இருக்கின்றன. அடுத்த சார்ஜர் ரொம்ப தூரம் என்றால் மட்டும் நூறு வரை உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

(திரையில்: இரண்டு கார்கள், 100 மற்றும் 120.)

அப்புறம், எல்லோரும் சண்டை போடுகிற கேள்வி: மெதுவாக ஓட்டுவதா, வேகமாக ஓட்டுவதா? காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், 100-லிருந்து 120-க்குப் போனால் அந்தப் பங்கு மட்டும் 44 சதவீதம் கூடும். ஒரு கார் 100 கிலோமீட்டருக்கு, மணிக்கு 100 வேகத்தில் 17 யூனிட்டும் 120-இல் 21 யூனிட்டும் குடிப்பதாக வைத்துக்கொள்வோம். 300 கிலோமீட்டர் போனால் வேகக்காரருக்கு 12 யூனிட் கூடுதல் செலவு, அரை மணி நேரம் மிச்சம். அந்த 12 யூனிட்டை சராசரி 100 கிலோவாட் தரும் சார்ஜரில் ஏற்ற 7 நிமிடம் போதும், அவருக்கு லாபம். வழியில் இருப்பது 20 கிலோவாட் சார்ஜர் மட்டும் என்றால்? 36 நிமிடம். விரட்டி ஓட்டியவர் ஆறு நிமிடம் தாமதமாக வருவார்! சாலை விதி அனுமதிக்கும் வேகத்துக்குள் என்றே பேசுகிறேன், ஆனால் எந்த வேகம் லாபம் என்பதை ஆக்சிலரேட்டரை விட சார்ஜர்தான் முடிவு செய்கிறது.

குளிர்காலத்தில் ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று. பல கார்களில் காரின் நேவிகேஷனில் சார்ஜரைப் போகுமிடமாகக் கொடுத்தால், வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கித் தயார் செய்துவிடும். போனில் வரைபடத்தைப் பார்த்து ஓட்டினால் நீங்கள் சார்ஜருக்குப் போகிறீர்கள் என்பதே காருக்குத் தெரியாது. பிறகு குளிர்ந்த பேட்டரியோடு போய் நின்று, ஏன் 40 தான் காட்டுகிறது என்று தலையைச் சொறிய வேண்டியதுதான்.

இன்னொன்று, சில இடங்களில் ஒரே பெட்டியின் மின்சாரத்தைப் பக்கத்துப் பக்கத்து இரண்டு கேபிள்கள் பங்கு போட்டுக்கொள்ளும். வரிசையில் வேறு இடம் காலியாக இருந்தால், ஏற்கெனவே ஒரு கார் செருகியிருக்கும் பெட்டியை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள்.