சருகுக்கு அடியில் ஓர் இளவேனில்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டுப் பூந்தோட்டம் பற்றிப் பேச வரச் சொன்னார்கள். ரோஜாவும் அந்தூரியமும் வளர்ப்பதைச் சொல்லித்தர இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பேசப்போவது மரத்தடியைப் பற்றி.

கொழும்பை ஒட்டிய தெகிவளையில் எங்கள் காணி எட்டுப் பேர்ச்சஸ். வீடு போக மிஞ்சியது பின்பக்கத்தில் ஒரு துண்டு நிலம். அதில் பாதிக்கு மேல் ஒரு பழைய மாமரத்தின் நிழல். அங்கே செவ்வரத்தை வைத்தேன், ரோஜா வைத்தேன். எல்லாம் வெளிச்சத்தைத் தேடி ஒல்லியாக நீண்டு, பூக்காமலே போயின. அம்மா யாழ்ப்பாணத்து முற்றப் பழக்கத்தில் விடியற்காலையிலேயே ஈர்க்குமாற்றோடு இறங்கிவிடுவார். ஓர் இலை கிடக்காது. வருடக்கணக்காகக் கூட்டிக் கூட்டி மண் சீமெந்துத் தரை மாதிரி இறுகிப்போயிருந்தது. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காது, மதிலோரமாக ஓடிவிடும்.

என் எண்ணம் மாறியது கனடாவில். அக்கா ஸ்காபரோவில் இருக்கிறார். ஒரு மே மாதத் தொடக்கத்தில் நான் போயிருந்தபோது ரூஜ் ஆற்றுப் பக்கத்துக் காட்டுக்குக் கூட்டிப்போனார். மேப்பிள் மரங்களில் இலை இன்னும் விரியவில்லை. கீழே, போன வருடத்துச் சருகைத் துளைத்துக்கொண்டு, மூன்று இலையும் மூன்று வெள்ளை இதழுமாக ட்ரில்லியம் பூக்கள். ஒன்டாரியோ மாகாணம் 1937இல் தன்னுடைய மலராக ஏற்றுக்கொண்ட பூ அது. விதை முளைத்து முதல் பூ வர ஏழு வருடத்துக்குக் குறையாது. விதையில் ஒட்டியிருக்கும் கொழுப்புத் துணுக்குக்கு ஆசைப்பட்டு எறும்புகள் அதைத் தூக்கிக்கொண்டு போகும், அப்படித்தான் அது காட்டுக்குள் பரவுகிறது. பனி கரைந்த பிறகு, மரங்கள் இலை விடுவதற்குள், தரையில் வெயில் விழும் அந்தச் சில வாரங்களில் பூத்துவிடுகிறது. கோடையின் நடுவில் இலையும் வாடிவிடும். அப்புறம் அடுத்த வசந்தம் வரை மண்ணுக்குள் கிழங்காகக் கிடக்கும்.

கொழும்புக்குத் திரும்பிய பிறகும் அந்தக் காடு மனதை விட்டுப் போகவில்லை. நம் மாமரம் மொட்டையாவதில்லை, வருடம் முழுக்க நிழல்தான். ஆனால் நம் மண்ணிலும் ஒரு காத்திருப்பு உண்டு. ஜனவரி, பெப்ரவரியில் இங்கே மழை குறைவு. மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் பின்னேரத்து இடிமழை தொடங்கும். அங்கே கிழங்குகள் வெளிச்சத்துக்குக் காத்திருக்கின்றன, இங்கே மழைக்குக் காத்திருக்கின்றன. இது விளங்கியதும் எதை நடுவதென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

முதலில் கச்சோலம். வரட்சியில் இலை முழுக்க மறைந்துவிடும், செத்துப்போனது என்றே நினைப்பீர்கள். மழை விழுந்ததும் மண்ணோடு படிந்த வட்ட இலைகள் விரியும். பிறகு நடுவிலிருந்து ஊதாப் பொட்டு வைத்த வெள்ளைப் பூக்கள் ஒவ்வொன்றாக வரும். ஒரு பூவுக்கு ஒரு நாள்கூட ஆயுள் இல்லை, காலையில் குனிந்து பார்த்தால்தான் உண்டு. அதற்காகவே நான் தேநீரை மரத்தடிக்குக் கொண்டுபோகிறேன். அதற்கு அடுத்து, பந்து மாதிரிச் சிவப்பாகப் பூக்கும் மே மாதப் பூ. ஆபிரிக்காவிலிருந்து வந்தது, நம் நிழலுக்கு நன்றாகப் பழகிவிட்டது. அதன் கிழங்கு நஞ்சு, சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கவனம். கொஞ்சம் வெயில் படும் ஓரத்தில் மழை லில்லி. பின்னால் நந்தியாவட்டை, பன்னம், மூலையில் ஒரு கறுவாக் கன்று. கறுவாத் தளிர் விடும்போது சிவந்து மினுங்கும். மாந்தளிரும் அப்படித்தான். இளவேனில் என்றால் நம் ஆட்கள் பூவோடு தளிரையும் சேர்த்துத்தான் நினைத்திருக்கிறார்கள். சித்திரை வருடப்பிறப்புக்குக் குளிக்குமுன் தலையில் மருத்துநீர் வைக்கும்போதும் பூவும் இலையும் ஒன்றாகத்தானே சேர்கின்றன.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முந்தியது சருகு. இன்று உங்களிடம் நான் கேட்பதும் அது ஒன்றைத்தான்: மரத்தடிச் சருகைக் கூட்டி எரிக்காதீர்கள். இரண்டு அங்குலம் கிடக்கட்டும். மாவிலை தடிப்பானது, உடனே மக்காது. ஒரு மழைக்காலம் போனபின் கிளறிப் பாருங்கள், அடிப்பக்கம் கறுத்துப் பொலபொலவென்று இருக்கும். மண்புழு வரும். பசளை வாங்க வேண்டிய தேவையே குறைந்துவிடும். 2022இல் சாமான் தட்டுப்பாட்டு நேரத்தில் எல்லோரும் மரக்கறி நட்டபோது நானும் மிளகாய் வைத்தேன், அந்த நிழலில் வரவே இல்லை. ஆனால் சருகு மக்கிய இடத்தில் வைத்த வல்லாரை அந்த வருடம் முழுக்கச் சம்பலுக்குக் கைகொடுத்தது.

சரி, டெங்கு? கொழும்பில் யாரும் கேட்கவேண்டிய கேள்விதான். 2017இல் நாடு முழுக்க 186,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்ததை மறக்க முடியாது. தட்டையாகக் கிடக்கும் சருகில் தண்ணீர் தேங்காது. தேங்குவது சிரட்டையில், சுருண்ட பாளையில், பெரிய ஈரப்பலா இலையில், பூச்சாடித் தட்டில், அன்னாசி மாதிரி இலையடுக்கு உள்ள அலங்காரச் செடிகளின் நடுக்குழியில். முட்டை நுளம்பாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். அதனால் ஞாயிறு தவறாமல் இவற்றைப் பொறுக்கி, கவிழ்த்து, ஊற்றிவிடுகிறேன். பாதுகாப்பு இல்லாத தோட்டம் தோட்டமே இல்லை என்பது என் முடிவு. வீட்டுச் சுவரிலிருந்து ஒன்றரை அடிக்குச் சருகை விலக்கி வையுங்கள், கறையானுக்காக. நத்தையும் வரும். இரவில் டோர்ச் பிடித்து, கையுறை போட்டுப் பொறுக்க வேண்டும். செண்பகப் பறவை வரும் வளவு என்றால் பாதி வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

சருகை விட்ட இரண்டாவது வருடம், ஒக்டோபரில், ஆறுமணிக்குருவி வந்தது. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு மழைக்காலம் முடியத் தெற்கே வரும் பறவை. பச்சை முதுகு, நீலத் தோள், வாலடியில் சிவப்பு. காலையும் மாலையும் ஆறு மணியளவில் இரண்டு சுரத்தில் கூப்பிடும். சருகை அலகால் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பூச்சி தேடித்தான் அது சாப்பிடுகிறது. கூட்டித் துடைத்த முற்றத்தில் அதற்கு எதுவும் கிடைக்காது.

அம்மாவுக்கும் எனக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. முன்முற்றம் அவருடையது, இன்றும் ஓர் இலை கிடக்காது. பின்பக்கம் என்னுடையது. ஆனால் குருவியின் சத்தத்தை முதலில் கேட்பது அவர்தான். குசினியிலிருந்து "பிள்ளை, உன்ர குருவி வந்திட்டுது" என்பார், நாங்கள் இருவரும் யன்னலடியில் சத்தமில்லாமல் நிற்போம்.

ஏப்ரல் வர அது வடக்கே போய்விடும். இந்த வருடம் போன சனிக்கிழமைக்குப் பிறகு அதன் சத்தம் கேட்கவில்லை. இப்போது குயில்தான் கத்துகிறது. நேற்றுப் பின்னேரம் நல்ல இடிமழை. இன்று காலை இங்கே புறப்படுமுன் மாமரத்தடியில் சருகை மெல்ல விலக்கிப் பார்த்தேன், கச்சோலத்தின் முதல் முனை, சுருட்டிய இலையாக, ஒரு விரல்நுனி அளவு வெளியே வந்திருந்தது. சருகைத் திரும்ப மூடிவிட்டு வந்தேன்.

நன்றி, வணக்கம்.