உப்பளமும் ஒரு துளிப் புரதமும்

நேயர்களுக்கு வணக்கம்.

வேதாரண்யம் உப்பளத்தில், பாத்தியில் கட்டிய நீர் வெயிலில் சுண்டச் சுண்ட உப்புப் பூக்கும். புரதத்தின் வடிவத்தை எக்ஸ் கதிரால் காண வேண்டுமானாலும் முதலில் அதைப் படிகமாக்கியாக வேண்டும். ஒரே ஒரு மூலக்கூறில் பட்டுச் சிதறும் கதிர் அளவுக்கே அகப்படாது. கோடி கோடியாக ஒரே சீராக அடுக்கி நின்றால்தான் புள்ளிகளாகப் பதியும். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கு 2009இல் நோபல் பரிசு தந்த, செல்லுக்குள் புரதம் செய்யும் ரைபோசோம் பற்றிய ஆய்வும் படிகத்தை நம்பி நின்றதுதான்.

உப்பளத்தில் சீக்கிரம் வற்றினால் நல்லது. புரதத்துக்கு அது ஆகவே ஆகாது. மெல்ல மெல்ல வற்ற வேண்டும். அதற்குத்தான் தொங்கு துளி முறை. கல்லூரி ஆய்வகத்தில் தொடங்குகிறவர்களுக்கு, கோழிமுட்டை வெள்ளைக்கருவில் உள்ள லைசோசைம் என்ற புரதம் ஏற்றது.

மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் வீதம், பி.எச். 4.6 உள்ள சோடியம் அசிடேட் கரைசலில் அதைக் கரையுங்கள். மையவிலக்கியில் 10 நிமிடம் சுழற்றித் தூசியை அடியில் தள்ளுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். 24 குழித் தட்டில் குழிக்கு அரை மில்லிலிட்டர், அதே அசிடேட்டில் கரைத்த உப்புக் கரைசல்; உப்பை 4 சதவீதத்திலிருந்து 8 வரை குழிக்குக் குழி கூட்டுங்கள். விளிம்பில் கிரீஸ். சிலிக்கோன் பூசிய மூடுகண்ணாடியில் புரதம் 1 மைக்ரோலிட்டர், குழிக் கரைசல் 1 மைக்ரோலிட்டர் வைத்து, கவிழ்த்து மூடுங்கள். துளியில் உப்பு பாதிதானே? அதனால் நீர் ஆவியாகிக் குழிக்குப் போய்க்கொண்டே இருக்கும். துளி ஏறக்குறைய பாதியாகச் சுருங்கும். பெரும்பாலும் மறுநாளே நுண்ணோக்கியில் படிகம் தெரியும்.

துளி தெளிவாகவே கிடந்தால் உப்போ புரதமோ போதவில்லை. பால் திரிந்தாற்போல் ஆனால் மிஞ்சிவிட்டது. குருணை கொட்டினாற்போல் பொடிப்பொடியாக வந்தால் உப்பைக் கொஞ்சம் குறையுங்கள். கிரீஸில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் துளி காய்ந்து வெறும் உப்புதான் மிஞ்சும். அதுவும் பார்க்க அழகாகத்தான் இருக்கும்! மெல்லிய ஊசியால் தொட்டுப் பாருங்கள். உப்பு ஊசிக்கு இணங்காது, அழுத்தினால் ‘டக்’கென்று உடையும். புரதப் படிகத்தில் சுமார் பாதி நீர் என்பதால் அது பொலபொலவென்று உதிரும். உடைக்க மனமில்லையா? மெத்திலீன் நீலம் துளி விடுங்கள். புரதப் படிகம் சாயத்தை உள்ளே இழுத்து நீலமாகும், உப்பு நிறமற்றே இருக்கும்.

அக்னி நட்சத்திரத்தில் மின்சாரம் போய் ஏ.சி. நின்றால், கூராக இருந்த முனைகள் மழுங்கும். சூட்டில் லைசோசைம் கூடுதலாகக் கரைவதே காரணம். 20 டிகிரி அறையில், தட்டைத் தெர்மோகோல் பெட்டிக்குள் வையுங்கள். நுண்ணோக்கியும் அதே அறையில் இருக்கட்டும். வெளியே எடுத்தால் நம் கடலோரக் காற்றின் ஈரம் கண்ணாடியில் வியர்த்து, ஒன்றும் தெரியாது.

தேறிய படிகத்தை நைலான் வளையத்தில் அள்ளி, 25 சதவீதம் கிளிசரால் சேர்த்த கரைசலில் ஒரு முக்கு முக்கி, உடனே மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இறக்குங்கள். கிளிசரால் போதாவிட்டால் உள்ளிருக்கும் நீர் பனிக்கட்டியாகி, எக்ஸ் கதிர்ப் படத்தில் புள்ளிகளுக்கு மேல் வட்ட வட்டமாக வளையங்கள் விழும். அப்படி விழுந்தால் அடுத்த படிகத்துக்குக் கிளிசராலை 30 ஆக்கிப் பாருங்கள்.

வணக்கம்.