பொலோஞாவில் இறங்குங்கள்

(ஊர் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, ஒரு கல்யாண வரவேற்பை விட்டுவிட்டு வந்திருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வர்த்தகர் சங்கப் பெரியவர்களே, மைக்கைச் சரிசெய்து கொடுத்த தம்பி, அனைவருக்கும் வணக்கம். எனக்குப் பதினைந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். பொன்னாடைக்கே பாதி போய்விட்டது.

இத்தாலி என்றால் ரோம், வெனிஸ், புளோரன்ஸ் என்று ஓடுகிறோம். போகிற ரயில் பொலோஞாவில் நிற்கும், நாம் இறங்குவதில்லை. இறங்குங்கள் என்று சொல்லத்தான் வந்தேன். படிப்பு, சாப்பாடு, நடை என்று மூன்று காரணம் சொல்கிறேன்.

படிப்பு. 1088-ல் தொடங்கியதாகச் சொல்லப்படும் பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. 1732-லேயே லாரா பாஸ்ஸி என்ற பெண்மணி அதில் பேராசிரியர் ஆகிவிட்டார். இதை விரித்தால் விடிந்துவிடும், தலைமையாசிரியர் ஐயாவிடம் விட்டுவிடுகிறேன்.

சாப்பாட்டுக்கு வருவோம். என்னோடு வந்த நண்பர், பெயர் வேண்டாம், முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் போய் உட்கார்ந்ததும் கம்பீரமாக, "ஸ்பகெட்டி போலோனீஸ்" என்றார், நூல் நூலான நூடுல்ஸ்மேல் இறைச்சிக் குழம்பு ஊற்றியது. பரிமாற வந்த பெரியவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவிட்டார். "எங்கள் ஊரில் அது கிடையாது." நண்பர் விடவில்லை. "உங்கள் ஊர் பெயரிலேயே இருக்கிறதே ஐயா!" பெரியவர் உள்ளே போய் ஒரு தட்டோடு வந்தார். தாலியாத்தெல்லே. மாவை முட்டை சேர்த்துப் பிசைந்து, தட்டையாகத் தேய்த்து, நாடா போல வெட்டியது. மாட்டிறைச்சி, கேரட், செலரி, வெங்காயம், கொஞ்சம் தக்காளி, ஒயின் எல்லாம் சேர்த்து மணிக்கணக்கில் சிறுதீயில் வெந்த ‘ராகு’ என்ற இறைச்சிக் குழம்பு அதன்மேல். முள்கரண்டியால் ஒரு நாடாவைத் தூக்கிக் காட்டினார். "பாருங்கள், குழம்பு ஒட்டிக்கொண்டு வருகிறது. வழவழப்பான ஸ்பகெட்டியில் நிற்குமா?" வெந்தபின் நாடாவின் அகலம் 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று 1972-ல் அந்த ஊர் வணிகச் சபையில் பதிவே செய்து, தங்கத்தில் ஒரு மாதிரியும் வைத்திருக்கிறார்கள். ராகுவின் செய்முறையை 1982-ல் பதிந்தார்கள். சரி, நண்பர் தட்டை வழித்துச் சாப்பிட்டார், பெரியவர் முகம் மலர்ந்தது. அத்தோடு எழுந்திருக்கக் கூடாதா? "ஒரு கப்புச்சீனோ" என்றார். அங்கே பால் காப்பி காலையோடு சரி. பெரியவர் பில்லை எடுக்கப் போய்விட்டார்.

அப்புறம் நடை. ஊர் முழுக்க வீடுகளின் கீழ்த்தளத்தில் தூண் வைத்த தாழ்வாரங்கள். எல்லாம் சேர்த்து 62 கிலோமீட்டர். 2021-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறிவிட்டன. மாணவர்கள் வந்து குவிய, இடம் போதாமல் மாடியைத் தெருப்பக்கம் நீட்டினார்கள். பிறகு 1288-ல் நகர ஆட்சி சட்டம் போட்டது: புதுவீடு கட்டினால் தாழ்வாரமும் கட்ட வேண்டும். இடம் உங்களுடையது, பராமரிப்பும் உங்களுடையது, நடக்கும் உரிமை மட்டும் ஊருக்கு! ஸ்திராதா மஜ்ஜோரே தெருவில் இசோலானி வீட்டின் உயரமான மரத்தூண்கள் 13-ஆம் நூற்றாண்டிலிருந்து நிற்கின்றன. தொட்டுப் பார்த்தேன். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்று நான் மேடைதோறும் சொல்வது உங்களுக்குத் தெரியும். அங்கே இழுத்திருக்கிறார்கள்.

குன்றின்மேல் சான் லூக்கா மாதா கோயில். ஆண்டுதோறும் மாதாவின் படம் ஊர்வலமாக ஊருக்குள் வரும். மழையில் நனையாமலிருக்க 1674-ல் தாழ்வாரம் கட்டத் தொடங்கினார்கள். 666 வளைவுகள், ஏறத்தாழ 4 கிலோமீட்டர். 1677-ல் மக்கள் வரிசையாக நின்று கட்டுமானப் பொருள்களைக் கைமாற்றிக் கைமாற்றியே மேலே ஏற்றினார்கள். ஊர் கூடித் தேர் இழுப்பது வேறென்ன?

நம் கடைவீதியில் நடைபாதை இருக்கிறது. அதன்மேல் ஜெனரேட்டர், விளம்பரப் பலகை, பைக். வர்த்தகர் சங்கப் பெரியவர்கள் கோபிக்கக் கூடாது. உங்கள் கடைக்கு வரும் கர்ப்பிணிப் பெண்தான் ரோட்டில் இறங்கி லாரிக்கு ஒதுங்குகிறார். தூண் கேட்கவில்லை, ஐந்தடி இடம் விடுங்கள் என்கிறேன். ஊர் கூடித் தேர்... சரி, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பொலோஞாவின் சாய்ந்த கோபுரம் இன்னொரு நாளைக்கு.

நடைபாதை மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போடுங்கள், கைப்பேசி எண்ணையும் எழுதுங்கள். பேனாவை மட்டும் வைத்துவிட்டுப் போங்கள், போன கூட்டத்தில் இரண்டு காணாமல் போயின.