ரிப்பேர் ஆகும்னு தெரிஞ்சும் அமெரிக்கக் காரை ஏன் வாங்குறாங்க? பதில் ஒரு கோழிக்குள்ள இருக்கு!

[திரை: நெடுஞ்சாலையில் வரிசையாகப் பிக்கப் வண்டிகள்]

அமெரிக்காவுல கார் வாங்கப் போறவங்களுக்கு எல்லாரும் சொல்ற அறிவுரை ஒண்ணுதான்: "டொயோட்டா வாங்கு, இல்லன்னா ஹோண்டா வாங்கு." ஆனா அதே நாட்டுல 1977-லேருந்து அதிகமா விக்கிற பிக்கப் எது தெரியுமா? ஃபோர்டு எஃப் சீரிஸ்! நல்ல பேரு ஜப்பான்காரனுக்கு, காசு மட்டும் டெட்ராய்ட்டுக்கு, அதாவது அமெரிக்கக் கார் கம்பெனிகளுக்கு. இது எப்படி நடக்குது? இந்தக் கதையில ஒரு கோழி வருது மக்களே, கடைசி வரைக்கும் பாருங்க.

அமெரிக்கக் காருக்குக் கெட்ட பேரு எப்படி வந்துச்சுன்னு சட்டுனு சொல்லிடறேன். 1970-கள்ல வெளிநாட்டுச் சின்னக் கார்களுக்குப் போட்டியா அமெரிக்கக் கம்பெனிகளும் சின்னக் கார் போட்டாங்க. செவர்லே வேகா துருப்பிடிச்சுது. ஃபோர்டு பின்டோவைப் பின்னாலேருந்து இடிச்சா பெட்ரோல் டேங்க் தீப்பிடிக்கிற ஆபத்து. 1978-ல சுமார் 15 லட்சம் வண்டிகளை ரீகால் பண்ணாங்க, அதாவது குறையைச் சரி பண்ணத் திரும்பக் கூப்பிட்டாங்க. பேரு அங்க கெட்டுச்சு.

இப்போ கோழிக்கு வருவோம்.

[திரை: பண்ணைக் கோழிகள், அடுத்து ஃபோக்ஸ்வாகன் வேன்]

1960-கள் ஆரம்பத்துல அமெரிக்கப் பண்ணைக் கோழி மேற்கு ஜெர்மனியில மலிவா வந்து குவிஞ்சுது. உள்ளூர் பண்ணைக்காரங்க தவிச்சாங்க, ஐரோப்பா கோழி மேல வரியை ஏத்துச்சு. அதிபர் லிண்டன் ஜான்சன் பதிலடி கொடுத்தாரு. 1964-லேருந்து பிராந்தி, உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின்ங்கிற மாவுப் பசைப்பொருள், அதோட இறக்குமதி ஆகிற சின்ன லாரிகள் (பிக்கப்பும் இதுல சேத்தி), எல்லாத்துக்கும் 25 சதவீதம் வரி! குறி ஜெர்மன் கம்பெனி ஃபோக்ஸ்வாகனோட வேன் மேல. அப்புறம் மத்த பொருளுக்கெல்லாம் வரி போயிடுச்சு. லாரிக்கு மட்டும் போகவே இல்ல. சாதாரணக் காருக்கு வரி பல வருஷம் வெறும் 2.5 சதவீதம்தான் இருந்துச்சு. வித்தியாசத்தைப் பாருங்க!

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடம் இனிமேதான். இந்த வரிச் சுவரை ஏறிக் குதிக்கப் பாத்தது யாரு? அமெரிக்கக் கம்பெனியான ஃபோர்டேதான்! டிரான்சிட் கனெக்ட்னு ஒரு சரக்கு வேனைத் துருக்கியில செஞ்சாங்க. சரக்கு வேனா இறக்கினா 25 சதவீதம். அதனால பின்னாடி சீட்டு, ஜன்னல் கண்ணாடி எல்லாம் போட்டுப் பயணிகள் வண்டியா கப்பல்ல ஏத்தினாங்க. பால்டிமோர் துறைமுகத்துல இறங்கி 2.5 சதவீதம் கட்டினதும், சீட்டைக் கழட்டிடுவாங்க, கண்ணாடி இருந்த இடத்துல தகடு வெச்சு அடைச்சிடுவாங்க. கழட்டி எறியறதுக்குன்னே ஒரு சீட்டு! சுங்கத்துறை விடல, கோர்ட்டுக்குப் போச்சு, கடைசியில 2024-ல 36.5 கோடி டாலர் கட்ட ஒத்துக்கிட்டு ஃபோர்டு வழக்கை முடிச்சுக்கிச்சு.

விஷயம் என்னன்னா, இந்தச் சுவருக்குள்ள டெட்ராய்ட் கம்பெனிகளுக்குக் கடல் தாண்டி வர்ற பிக்கப்போட போட்டி பெருசா இல்ல. உலகமே கொண்டாடுற டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் இன்னைக்கும் அமெரிக்க ஷோரூம்ல கிடையாது. அதனால இவங்க நல்ல மூளையையும் பணத்தையும் பிக்கப்ல போட்டாங்க. 2018-ல ஃபோர்டு, வட அமெரிக்காவுல மஸ்டாங் ஸ்போர்ட்ஸ் காரைத் தவிர கிட்டத்தட்ட மத்த எல்லாக் கார்களையும் படிப்படியா நிறுத்தப்போறோம்னே அறிவிச்சுது. என் கருத்து இதுதான்: பேரைக் கெடுத்தது ஒரு வகை வண்டி, ஜனங்க வரிசையில நின்னு வாங்குறது வேற வகை வண்டி. பண்ணையில டிராக்டரை ஏத்தி இழுக்கிறவருக்குச் சின்னக் காரோட தரப்பட்டியல் எதுக்கு?

பேரு எவ்வளவு தூரம் ஏமாத்தும்னு பாக்கணுமா? கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட்ல அமெரிக்காவோட ஜெனரல் மோட்டார்ஸும் (ஜிஎம்) டொயோட்டாவும் 1984-லேருந்து சேர்ந்து ஒரு ஃபேக்டரி நடத்தினாங்க. அங்க டொயோட்டா பேருல கொரோலாவும், ஜிஎம்மோட ஜியோ பிராண்டுல பிரிஸமும் வந்துச்சு. உள்ளுக்குள்ள ரெண்டும் ஒரே வண்டிதான்! ஆனா பழைய வண்டிச் சந்தையில பிரிஸம் விலை கம்மி. விவரம் தெரிஞ்சவங்க கொரோலாவைக் குறைஞ்ச விலைக்கு ஓட்டிக்கிட்டு இருந்தாங்க. அந்த ஃபேக்டரியில இப்போ டெஸ்லா கார் செய்யறாங்க.

அப்புறம், ஸ்பேர். செவர்லேயோட ஸ்மால் பிளாக் வி8 இன்ஜின் 1955-ல வந்துச்சு, 2011-க்குள்ள 10 கோடி செஞ்சு முடிச்சிட்டாங்க. எந்தக் காயலான் கடையிலயும் பார்ட்ஸ் கிடைக்கும், எந்தக் கிராமத்து மெக்கானிக்குக்கும் கை பழகியிருக்கும். ரிப்பேர் வருமாங்கிறதை விட, வந்தா எவ்வளவு செலவாகும், எத்தனை நாள் வண்டி நிக்கும்னு பாக்கிறவங்க நிறையப் பேர். அவங்க கணக்கு சரியான கணக்குன்னு நான் நம்பறேன். டெட்ராய்ட் இருக்கிற மிச்சிகன் மாநிலத்துப் பக்கம் கார் கம்பெனி ஊழியர் குடும்பத்துக்குத் தள்ளுபடி வேற இருக்கு.

[திரை: ஈகோஸ்போர்ட், கப்பல்]

கடைசியா ஒண்ணு. 2018-லேருந்து அமெரிக்காவுல வித்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட் எங்க செஞ்சது? நம்ம மறைமலைநகர்ல! சென்னைக்காரங்க கையால செஞ்ச அமெரிக்கக் கார், கப்பலேறி அமெரிக்கா போச்சு. 2021-ல இந்தியாவுல உற்பத்தியை நிறுத்தறதா ஃபோர்டு அறிவிச்சப்போ எத்தனை குடும்பம் கலங்குச்சுன்னு அந்தப் பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும். அந்த லைன்ல வேலை பாத்தவங்க யாராவது இதைப் பாத்துக்கிட்டு இருந்தீங்கன்னா, எந்தப் பிரிவுல இருந்தீங்க, அமெரிக்கா போற வண்டிக்குத் தனியா என்னென்ன சோதனை பண்ணீங்கன்னு கமெண்ட்ல எழுதுங்க. அதை வெச்சே அடுத்த வீடியோ போடறேன்.