ஃபிளாப்பிக்குள் ஒரு பேண்டு: பழைய பேண்ட்-இன்-எ-பாக்ஸை ஏன் இன்னும் தேடுகிறார்கள்?

[திரை: டாஸ் காலத்துத் திரை. எண் போட்ட பார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கார்ட்.]

குரல்: கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களை, தட்டிக் கொடுத்தால் பின்னணி வாத்தியங்களைத் தானே வாசிக்கும் மென்பொருள்தான் பேண்ட்-இன்-எ-பாக்ஸ். முதல் பாரில், அதாவது தாளத்தின் முதல் சுற்றில், டி மைனர் 7. அடுத்ததில் ஜி7. மூன்றாவதில் சி மேஜர் 7. "மேஜர் 7" என்று முழுசாக அடிக்க வேண்டாம், 'ஜே' எழுத்து போதும். ஹாஃப் டிமினிஷ்டுக்கு 'ஹெச்', சஸ்பெண்டடுக்கு 'எஸ்'. ஒரே பாரில் இரண்டு கார்ட் வேண்டுமென்றால் நடுவில் ஒரு கமா. பேஸ் சுரத்தை மாற்ற ஒரு சாய்கோடு. பாட்டு முழுவதையும் இப்படித் தட்டி, ஸ்டைலை, அதாவது ஜாஸ் போன்ற ஒரு வாசிப்பு பாணியைத் தேர்ந்தெடுத்து, வாசி என்றால் வாசிக்கும். மவுஸ் தேவையே இல்லை.

கனடாவின் பீட்டர் கேனன் தொடங்கிய பிஜி மியூசிக் 1990-இல் வெளியிட்ட மென்பொருள் இது. அடாரி எஸ்டி கணினிக்கும், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் பிசிக்கும் வந்தது. அடாரியில் மிடி (வாத்தியங்களுக்கு எந்தச் சுரம் எப்போது என்று சொல்லும் முறை) ஜாக் கணினியிலேயே இருந்ததால் கேபிளைச் செருகினால் வேலை முடிந்தது. பிசிக்காரர்கள் ரோலண்ட் எம்பியூ-401 போன்ற ஒரு மிடி இணைப்பு அட்டையை வாங்கிப் போட வேண்டியிருந்தது. முதலில் பேஸ், டிரம்ஸ், பியானோ மட்டும்தான். கிட்டாரும் ஸ்ட்ரிங்ஸும் பிறகு சேர்ந்தன.

[திரை: ஸ்டைல்களை உருவாக்கும் ஸ்டைல்மேக்கரின் கட்டங்கள்.]

குரல்: உள்ளே நடப்பது என்ன? நம் ஊர் மெல்லிசைக் குழுக்களின் கீபோர்டில் இடது கையால் கார்ட் பிடித்தால் ஸ்டைல் ஓடுமே, அதற்கு உறவுதான். ஆனால் கீபோர்டு ஸ்டைலில் பெரும்பாலும் ஒரே துண்டு திரும்பத் திரும்பச் சுற்றும். இதில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் பல குட்டித் துண்டுகள்: 8 பீட், 4 பீட், 2 பீட், 1 பீட். எல்லாமே சி7 கார்டில் வாசித்துப் பதிந்தவை. பாட்டில் டி மைனர் 7 வந்தால், துண்டு ஒரு டோன் மேலே போகும். சி7-இல் 'இ'யாக இருந்த சுரம் எஃப் ஷார்ப் ஆகும். மைனர் என்பதால் அதை அரை டோன் இறக்கி எஃப் ஆக்கிவிடும்.

எந்தத் துண்டு எப்போது வரும் என்பதற்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு வெயிட், அதாவது வரும் வாய்ப்பைக் கூட்டிக் குறைக்கும் எண், உண்டு. ஒன்றுக்கு 5, இன்னொன்றுக்கு 1 கொடுத்தால், சராசரியாக ஆறு முறையில் ஒரு முறைதான் இரண்டாவது வரும். அதனால்தான் அதே பாட்டை மறுபடி ஓட்டினால் பேஸ் லைன் கொஞ்சம் வேறு மாதிரி போகிறது. பழைய ஆட்கள் "பேஸ்காரருக்கு இன்னிக்கு மூடு நல்லா இருக்கு" என்று சொல்லிச் சிரிப்பதன் ரகசியம் இந்த எண்கள்தான்.

[திரை: பார் எண்கள் 1, 9, 17, 25 மட்டும் ஒளிர்கின்றன.]

குரல்: பலர் கோட்டைவிட்ட இடம், பாட்டின் பகுதி தொடங்குவதைக் குறிக்கும் பார்ட் மார்க்கர். ஏ, பி என்று இரண்டு உண்டு. ஜாஸ் ஸ்விங் ஸ்டைல்களில் பொதுவாக ஏ-யில் பேஸ் பாருக்கு இரண்டு அடி போடும், பி-யில் நான்கு அடி நடக்கும். மார்க்கருக்கு முந்தைய பாரில் டிரம்ஸ் ஒரு ஃபில், அதாவது இடைநிரப்பும் சின்ன உருட்டு, போடும். 32 பார் பாட்டில் 1-இல் ஏ, 17-இல் பி, 25-இல் ஏ வைத்தால் 16, 24 ஆகிய பார்களில் ஃபில் விழும். 8-ஆம் பாரில் விழாது. அடுத்த பாரில் மார்க்கர் இல்லையே! 9-ஆம் பாரில் இன்னொரு ஏ வையுங்கள், விழும். "டிரம்ஸ் தூங்குது" என்ற புகாரில் பாதி இதனால் வந்ததுதான்.

இனி ஏக்கத்துக்கு வருவோம். சத்தத்துக்காக யாரும் ஏங்கவில்லை என்பது எங்கள் கணிப்பு. அன்றைய சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டையின் எஃப்எம் சிப்பில் அந்த டிரம்ஸ் பிஸ்கட் டின்னைத் தட்டுவது போலத்தான் இருந்தது. இன்றைய பதிப்புகளில் நிஜக் கலைஞர்கள் வாசித்த ஆடியோ துண்டுகள் இருக்கின்றன. முழுத் தொகுப்பு ஹார்ட் டிஸ்கில் வருகிறது. ஒலியில் ஒப்பிடவே முடியாது. ஆனால் ஆடியோ ஒரு வேகத்தில் பதிந்தது. அதிகமாக இழுத்தால் கரகரக்கும். மிடிக்கு அந்தத் தொல்லை இல்லை. நிமிடத்துக்கு 60 பீட்டில் பயிற்சி, 240-இல் கச்சேரி, எந்த ஸ்கேலிலும் ஒரே சுத்தம். கூடவே, தேர்வு செய்யச் சில ஸ்டைல்கள்தான் இருந்ததால் வாசிக்க உட்கார்ந்தவர் வாசித்தார். ஆயிரக்கணக்கில் குவிந்தபின் ஸ்டைல் தேடியே சாயங்காலம் போய்விடுகிறது.

[திரை: டாஸ்பாக்ஸ் அமைப்புக் கோப்பு.]

குரல்: பழையதை இன்று ஓட்ட வேண்டுமா? டாஸ் பதிப்புக்கு டாஸ்பாக்ஸ், அடாரி பதிப்புக்கு ஹடாரி; இரண்டும் பழைய கணினியைப் போல நடிக்கும் எமுலேட்டர்கள். டாஸ்பாக்ஸ் அமைப்புக் கோப்பின் மிடி பகுதியில் எம்பியூ-401 வரியை 'இன்டெலிஜென்ட்' என்றே விடுங்கள். 'யுவார்ட்' என்று மாற்றினால் சில பழைய மென்பொருள்கள் ஊமையாகிவிடும். விண்டோஸில் கூடவே வரும் மைக்ரோசாஃப்ட் சிந்த் (மிடியை ஒலியாக்கும் மென்பொருள்) தாமதமாக ஒலிக்கும். வெறுமனே கேட்கப் பரவாயில்லை, மேலே மெலடி வாசித்தால் கை தடுமாறும். அதற்குப் பதிலாக ஃபுளூயிட்சிந்த் என்ற சிந்தும், வாத்திய ஒலிகள் அடங்கிய ஒரு சவுண்ட்ஃபாண்ட் கோப்பும் நல்லது.

பேஸ் வாசிக்க வேண்டிய இடத்தில் சாக்ஸபோன் கேட்டால் பயப்படாதீர்கள். அந்தக் கால ஒலிக் கருவியான ரோலண்ட் எம்டி-32-இல் 65-ஆம் எண் அகூஸ்டிக் பேஸ். 1991-இல் வந்த, வாத்திய எண்களைப் பொதுவாக்கிய ஜெனரல் மிடி அட்டவணையில் 65 சோப்ரானோ சாக்ஸ். பாட்டு எம்டி-32 காலத்து எண்ணோடு சேமிக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஜெனரல் மிடியில் அகூஸ்டிக் பேஸ் 33. பேஸ் வழக்கமாகச் சேனல் 2-இல் இருக்கும், அங்கே எண்ணை மாற்றுங்கள். சேனல் 3 பியானோ, 10 டிரம்ஸ்.

கடைசியாக, கோப்புப் பெயர். புள்ளிக்குப் பின் 'எஸ்ஜி' என்றால் மெலடி இல்லாத பாட்டு, 'எம்ஜி' என்றால் மெலடி உள்ளது. மூன்றாவது எழுத்து ஸ்டைலைக் குறிக்கும். அது 'யு' என்றால் தனி ஸ்டைல் கோப்பைத் தேடும் பாட்டு. பழைய டிஸ்கிலிருந்து நகலெடுக்கும்போது பாட்டை மட்டும் எடுத்துவிட்டு ஸ்டைல் கோப்பை விட்டுவிடாதீர்கள். இரண்டும் இருந்தால் இன்றைய விண்டோஸ் பதிப்பிலேயே நேராகத் திறக்கலாம், எமுலேட்டர் கூட வேண்டாம்.