பதில் சொல்லாமல் விடாத நிலையம்

நேயர்களுக்கு வணக்கம்.

பொழுதுபோக்காகச் சொந்த வானொலி நிலையம் நடத்தும், ஹாம் என்று பொதுவாக அழைக்கப்படும் அமெச்சூர் வானொலி இயக்குநர்களில் ஒருவர் காலமானால், அவருடைய நிலையத்தின் அடையாளமான அழைப்புக்குறியை எழுதி, அதன் பக்கத்தில் எஸ்.கே. என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்ப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். சைலண்ட் கீ, அதாவது ஒலி ஓய்ந்துவிட்ட தந்திச் சாவி என்பது அதன் விரிவு. மோர்ஸ் குறியீட்டில் ஓர் உரையாடலை முடித்துக்கொள்ளும்போது அனுப்பும் குறியிலும் இதே எழுத்துகள்தாம் ஒலிக்கும்: மூன்று புள்ளி, ஒரு கோடு, ஒரு புள்ளி, மீண்டும் ஒரு கோடு. அண்மையில் அந்த இரண்டு எழுத்துகளைப் பெற்றுவிட்ட ஒரு மூத்த நண்பரைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். தம்மைப் பற்றிப் பிறர் பேசுவதை அவர் விரும்பியதில்லை என்பதால், அவருடைய பெயரையும் அழைப்புக்குறியையும் சொல்லாமலே பேசுகிறேன்.

நாங்கள் நேரில் சந்தித்தது மிக அரிது. ஆனாலும் அவர் தம் அழைப்புக்குறியை முழுவதும் அனுப்பி முடிக்கும் முன்பே அவர்தாம் என்று எனக்குத் தெரிந்துவிடும். ஒரு கோடு மூன்று புள்ளிகளின் நேரம் நீடிக்க வேண்டும், எழுத்துகளுக்கு நடுவே மூன்று புள்ளி நேரமும் சொற்களுக்கு நடுவே ஏழு புள்ளி நேரமும் இடைவெளி விடவேண்டும் என்பது மோர்ஸின் இலக்கணம். சாதாரணத் தந்திச் சாவியை அழுத்தும் எந்தக் கையும் அந்த இலக்கணத்தை அப்படியே பின்பற்றுவதில்லை. கையெழுத்தைப் போல ஒவ்வொருவருக்கும் ஒரு சாய்வு படிந்துவிடுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது எதிரி நிலையங்கள் தங்கள் அழைப்புக்குறிகளை மாற்றிக்கொண்ட பிறகும், ஒட்டுக்கேட்டுக் குறிப்பெடுத்தவர்கள் இந்தச் சாய்வைக் கொண்டே சாவியின் பின்னால் இருப்பவர் யார் என்று கண்டுகொண்டார்கள். புள்ளியையும் கோட்டையும் தானே அளந்து தரும் மின்னணுச் சாவிகள் வந்து வெகுகாலம் ஆகியும் எங்கள் நண்பர் பழைய சாவியை விடவில்லை. சொல்லின் கடைசிக் கோட்டைச் சற்றே நீட்டி அழுத்தும் பழக்கமும் அவரை விடவில்லை.

ஆனால் அவரை நினைவுகூர அவர் அனுப்பிய விதத்தைவிட, அவர் கேட்ட விதத்தைத்தான் நான் முன்னே வைப்பேன். அலைவரிசையில் பலத்த ஒலியோடு அழைப்பு விடுப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. பணம் இருந்தால் பெரிய ஆன்டெனாவையும் ஆற்றல் மிகுந்த பெருக்கியையும் வாங்கிவிடலாம். இரைச்சலுக்கு அடியில் நகம் கீறுவதுபோல் கேட்கும் ஒரு மெல்லிய அழைப்பை அடையாளம் கண்டு, அதற்குப் பதில் சொல்ல மெனக்கெடுபவர்கள்தாம் குறைவு. ஒரு குரல் உரையாடலுக்குச் சுமார் 2,500 ஹெர்ட்ஸ் அகலம் தேவைப்படும் இடத்தில், மோர்ஸுக்கு ஏறத்தாழ 150 ஹெர்ட்ஸ் போதும். எனவே வடிகட்டியைக் குறுக்கிக்கொண்டு பொறுமையாகக் காது கொடுத்தால், சில வாட் ஆற்றலில் முதன்முதலாக நடுங்கும் கையோடு அழைக்கும் ஒருவரையும் பிடித்துவிட முடியும். அப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடிப்பதையே அவர் தம் வேலையாக வைத்திருந்தார். நிமிடத்துக்கு முப்பது சொற்கள் அனுப்பக்கூடியவர், எதிரே இருப்பவர் ஐந்து சொற்களுக்குத் தடுமாறினால் தாமும் ஐந்துக்கு இறங்கிவிடுவார்.

சமிக்ஞை எப்படிக் கேட்கிறது என்பதை மூன்று இலக்கங்களில் சொல்வது ஹாம்களின் முறை. தெளிவுக்கு ஐந்து வரையும், வலுவுக்கும் தொனிக்கும் ஒன்பது வரையும் மதிப்பெண் உண்டு. இன்று பெரும்பாலோர், குறிப்பாகப் போட்டிகளில், எதைக் கேட்டாலும் 599 என்று கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். 599 என்று சொல்லிவிட்டு, உடனே அழைப்புக்குறியைத் திரும்ப அனுப்பச் சொல்பவர்களும் உண்டு! அவர் அதைச் செய்ததில்லை. கடினப்பட்டுத்தான் புரிகிறது என்றால் 339 என்றே கொடுப்பார், கேட்காத எழுத்தை மட்டும் மறுபடி கேட்பார். முதல் தொடர்பிலேயே இவ்வளவு குறைந்த மதிப்பெண் வாங்கிய புதியவர்களுக்கு அது கொஞ்சம் வருத்தமாக இருந்திருக்கலாம். ஆனால் ஆன்டெனாவைத் திருத்திக்கொண்டு மறுவாரம் வந்து அவரிடம் 559 வாங்கியபோது, அந்த எண்ணை நம்பலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

2003-ஆம் ஆண்டின் உலக வானொலி மாநாடு, சிற்றலை உரிமத்துக்கு மோர்ஸ் தேர்வு கட்டாயம் என்ற சர்வதேச விதியை நீக்கி, அந்த முடிவை ஒவ்வொரு நாட்டுக்கும் விட்டது. பல நாடுகள் தேர்வைக் கைவிட்டன. மூத்தவர்கள் பலர் கலை அழிந்தது என்று புலம்பிய அந்த நாட்களில், இனிமேல் மோர்ஸுக்கு வருபவர்கள் விரும்பியே வருவார்கள் என்பது அவர் கணிப்பாக இருந்தது. அது பெரும்பாலும் சரியாகவே போயிற்று.

அவர் விட்டுச் சென்ற பதிவேடுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாள், உலகப் பொது நேரம், அலைவெண், தொடர்புகொண்ட நிலையம், கொடுத்த மதிப்பெண், பெற்ற மதிப்பெண் என்று ஒவ்வொரு தொடர்பையும் ஒரு வரியில் எழுதி வைப்பது எங்கள் பழக்கம். சிற்றலைகளை வளைத்துப் பூமிக்குத் திருப்பும் அயனி மண்டலம், சூரியப் புள்ளிகளின் சுமார் பதினோரு ஆண்டுச் சுழற்சிக்கு ஏற்ப வலுத்தும் தளர்ந்தும் போகிறது. பள்ளிப் பருவத்தில், 1968-ஐ ஒட்டிய சூரிய உச்சத்தில் தொடங்கி, 2024-ஐ ஒட்டிய உச்சம் வரை ஆறு உச்சங்களை அவர் கண்டார். உச்ச ஆண்டுகளின் பக்கங்களில் 28 மெகாஹெர்ட்ஸில் கண்டம் விட்டுக் கண்டம் தொடர்புகள் வரிவரியாக நெருக்கியடிக்கின்றன. 2008, 2009-இன் ஆழ்ந்த தாழ்வில் அதே அலைவரிசைக்கு வாரக்கணக்கில் ஒரு வரிகூட இல்லை. எல்லாம் 7 மெகாஹெர்ட்ஸின் இரவுகளுக்குப் போய்விடுகின்றன. சூரியனை ஒரு தொலைநோக்கியாலும் பார்க்காத ஒருவருடைய நோட்டுப் புத்தகங்களில் சூரியனின் வரலாறு இப்படிப் பதிந்திருப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

ஹாம்களைப் பற்றிப் பேசினால் பேரிடர்ப் பணியைப் புகழ்வது வழக்கம். அவரும் அதில் பங்கெடுத்தவர்தாம். ஆனால் தொலைபேசிக் கம்பங்கள் சாய்ந்த அன்று கருவியைத் தூசு தட்டி எடுப்பவரால் பெரிய பயன் இருக்காது. ஒன்றும் நடக்காத ஆயிரம் மாலைகளில் இரைச்சலைக் கேட்டுப் பழகிய காதுதான் அன்றைக்கு உதவும்.

இத்தகைய ஒருவர் மறைந்த வீட்டில் இருப்பவர்களுக்குச் சில செய்திகள். வால்வு பொருத்திய பெருக்கிகளின் மின்தேக்கிகளில், மின் இணைப்பைத் துண்டித்த பிறகும் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும். தெரிந்தவர்கள் வரும்வரை அவற்றைத் திறக்க வேண்டாம். பதிவேடுகளையும், தொடர்பை உறுதிசெய்யும் கியூ.எஸ்.எல். அட்டைகளையும் பழைய காகிதத்தோடு போட்டுவிட வேண்டாம். வியன்னாவில் உள்ள டோகுஃபுங்க் என்ற வானொலி ஆவணக் காப்பகத்தைப் போன்ற இடங்கள் இவற்றைச் சேகரித்துப் பேணுகின்றன. அழைப்புக்குறி என்னவாகும் என்றும் கேட்பார்கள். அது அந்தந்த நாட்டு விதியைப் பொறுத்தது. பிறருக்கு வழங்கப்படுவதும் உண்டு, நினைவாகக் காக்கப்படுவதும் உண்டு. 1914-இல் ஏ.ஆர்.ஆர்.எல். என்ற அமெரிக்கச் சங்கத்தை நிறுவிய இருவரில் ஒருவரான ஹைரம் பெர்சி மாக்சிம் 1936-இல் காலமான பின், அவருடைய டபிள்யூ 1 ஏ டபிள்யூ என்ற குறி அச்சங்கத்தின் நினைவு நிலையத்துக்கு வந்து, இன்றும் ஒலிபரப்பாகிறது. ஹாம் இயக்குநராக இருந்த ஜோர்டான் மன்னர் ஹுசைனின் ஜே ஒய் 1 என்ற குறி, அவர் 1999-இல் மறைந்து பத்தொன்பது ஆண்டுகள் கழிந்து, அந்நாட்டின் சிறு செயற்கைக்கோள் ஒன்றின் பெயரில் விண்வெளிக்குப் போனது.

எங்கள் நண்பரின் குறிக்கு அப்படி ஏற்பாடு எதுவும் இல்லை. ஆனால் சங்கங்களின் அஞ்சல் பிரிவுகள் வழியே வரும் அட்டைகள் வந்துசேர ஓராண்டும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம் என்பதால், அவர் பெயருக்கு இன்னும் அட்டைகள் வந்துகொண்டிருக்கின்றன. பதிவேடுகளை அவருடைய குடும்பத்தார் எங்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். வரும் ஒவ்வோர் அட்டையையும் அவற்றோடு ஒத்துப்பார்த்து, அவர் அச்சடித்து மீதம் வைத்திருந்த அட்டைகளிலேயே நாங்கள் சிலர் முறைவைத்துப் பதில் எழுதி வருகிறோம். அவரோடு தொடர்புகொண்டு, பதில் அட்டைக்குக் காத்திருக்கும் நேயர்கள் யாரேனும் இருந்தால், நாளையும் நேரத்தையும் குறித்து, வழக்கம்போல அஞ்சல் பிரிவுக்கே அனுப்புங்கள். சற்றுத் தாமதமானாலும் பதில் வரும். நன்றி. ஹாம்கள் நல்வாழ்த்துகள் என்ற பொருளில் சொல்லி விடைபெறும் எண்ணோடு முடிக்கிறேன்: 73.