திரையில் ஒரு சிவப்பு உருவம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். கட்டுமானத் துறையில் திட்டமிடும் பொறியாளராக வேலை செய்கிறேன். எந்த வேலை எப்போது தொடங்க வேண்டும், யார் செய்வது, எப்போது முடியும் என்று கணினியில் அட்டவணை போடுவது என் தொழில். பலர் கூடிச் செய்யும் வேலையை அந்த அட்டவணையில் எப்படிப் பங்கிடுவது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்கள் பக்கத்தில் பக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்தன. தளம் போடும் முன் கான்கிரீட்டைத் தாங்கும் பலகைகளை வைத்து சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, கம்பிகளுக்கு இடையே மின்சாரக் குழாய்களைப் பதித்துவிட வேண்டும். அதை விட்டுவிட்டுக் கான்கிரீட் ஊற்றினால் பிறகு தளத்தைக் கொத்த வேண்டியதுதான். அந்த வேலைக்கு எங்களிடம் கைதேர்ந்த எலக்ட்ரீஷியன் ஒருவர்தான் இருந்தார். இரண்டு தளங்களிலும் அவருக்குத் தலா 4 நாள் வேலை. இரண்டு கட்டடத்துக்காரர்களும் அவசரப்படுத்தினார்கள். யாரையும் காக்க வைக்க மனம் வராமல், அவர் பெயரை இங்கே 50 சதவீதம், அங்கே 50 சதவீதம் என்று எழுதினேன். கூட்டினால் 100. இரண்டும் 8 நாளில் முடியும் என்று மென்பொருள் காட்டியது.

அவருடைய நாள் எப்படிப் போனது என்பதைப் பிறகுதான் நேரில் போய்ப் பார்த்தேன். ஆறாவது மாடியில் குழாயை வளைத்துக்கொண்டிருப்பார். அடுத்த கட்டடத்திலிருந்து போன் வரும். கருவிப் பையையும் வளைக்கும் ஸ்பிரிங்கையும் எடுத்துக்கொண்டு இறங்குவார், அங்கே ஏறுவார். வரைபடத்தை விரித்து, விட்ட இடம் எது என்று தேடுவார். மறுபடி போன் வரும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்களே, அந்த நிலையில் அவரை நிறுத்தியது என் அட்டவணை. ஒன்பதாம் நாள் காலை கான்கிரீட் லாரிகள் வாசலில் வந்து நின்றபோது இரண்டு தளத்திலும் வேலை மிச்சம் இருந்தது. முதல் 4 நாளையும் ஒரே கட்டடத்துக்குக் கொடுத்திருந்தால் அந்தத் தளமாவது ஐந்தாம் நாளே கான்கிரீட்டுக்குத் தயாராகியிருக்கும். இரண்டாவது தளமும் எட்டாம் நாளைத் தாண்டியிருக்காது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நான் பயன்படுத்தும் மைக்ரோசாப்ட் ப்ராஜெக்ட் மென்பொருளில் ஒருவருடைய சக்திக்கு மேல் வேலை வைத்தால், அந்த வரிசையின் இடது ஓரத்தில் சிவப்பு நிறத்தில் ஒரு சிறிய மனித உருவம் தோன்றும். இரண்டு இடத்திலும் 100 என்று உண்மையை எழுதியிருந்தால் அது தோன்றியிருக்கும். யாருக்கு முதலில் என்று அன்றே உட்கார்ந்து பேசியிருப்போம். 50, 50 என்று எழுதி அந்த எச்சரிக்கையை நானே வர விடாமல் செய்துவிட்டேன்.

மென்பொருள் போடும் கணக்கு மிக எளிமையானது. வேலையின் அளவு என்பது நாட்களை ஆட்களின் பங்கால் பெருக்கினால் வருவது. ஒருவர் 10 நாளில் முடிக்கும் வேலை, நாளுக்கு 8 மணி என்றால் 80 மணி. உழைப்பின் அளவு மாறக்கூடாது என்ற விதியை இயக்கிவிட்டு இன்னொருவரைப் பிறகு சேர்த்தால் 5 நாளாகக் குறைந்துவிடும். ஆனால் தொடக்கத்திலேயே இருவர் பெயரையும் ஒன்றாக எழுதினால் 10 நாள் அப்படியே நிற்கும். வேலை 160 மணியாகிவிடும். அதே இருவர், அதே வேலை. பெயர் எழுதிய வரிசை மட்டுமே வேறு. புதிதாக வரும் இளம் பொறியாளர்களுக்கு நான் முதல் நாளே செய்து காட்டுவது இதைத்தான். பூச்சு வேலைக்கு இரண்டு கொத்தனார்கள் சேர்ந்தால் நாள் குறையலாம். ஒருவர் மட்டும் நிற்கக்கூடிய லிப்ட் குழிக்குள் இருவரை எழுதினால் எந்தப் பயனும் இல்லை. அந்த வேறுபாடு கணினிக்குத் தெரியாது.

இந்தப் போக்குக்குப் பழைய வேர் உண்டு. 1957-ல் அமெரிக்காவின் டூபான்ட் வேதிப்பொருள் நிறுவனத்தில் மார்கன் வாக்கரும், கணினி செய்த ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கெல்லியும் தொழிற்சாலைப் பணிகளுக்காக ஒரு கணக்கு முறையை உருவாக்கத் தொடங்கினார்கள். எந்தத் தொடர் வேலைகள் தாமதித்தால் முழுத் திட்டமும் தாமதிக்கும் என்று கண்டுபிடிப்பது அதன் அடிப்படை. எதற்குப் பின் எது என்பதே அதில் முதன்மை. தேவைப்படும்போது ஆள் இருப்பார் என்று அடிப்படைக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. ஆட்பற்றாக்குறையைச் சரிசெய்யும் வசதியும் இன்று இருக்கிறது. அது வேலையைத் தள்ளிப்போடும், அல்லது இடையில் துண்டாக்கும். 0 முதல் 1000 வரை முன்னுரிமை எண் கொடுத்து எது முதலில் என்று நாம் சொல்லலாம். அந்த எண்ணை யாரோடு பேசி முடிவு செய்கிறோம் என்பதில்தான் என் அக்கறை எல்லாம்.

வேலையைச் செய்பவரிடம் பேச வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இப்போது யார் பெயரையும் அவரைக் கேட்காமல் எழுதுவதில்லை. ஒருவரை இரண்டு இடத்துக்குப் பகிர வேண்டி வந்தால் முழு முழு நாட்களாகத்தான் பிரிக்கிறேன். 8 மணி நேரத்தையும் நிரப்பாமல் 6 மணி நேரத்துக்குத்தான் வேலை வைக்கிறேன். பொருள் வரக் காத்திருப்பதும், வரைபடத்தில் சந்தேகம் கேட்பதும் வேலையின் பகுதிதானே. நாட்காட்டியையும் திருத்துகிறேன். மென்பொருளோடு வருவதில் திங்கள் முதல் வெள்ளி வரைதான் வேலை நாள். நம் கட்டட வேலையோ சனிக்கிழமையும் நடக்கும். பொங்கல் அதில் தானாக வராது.

சனிக்கிழமை மாலையில் அடுத்த இரண்டு வார அட்டவணையைப் பெரிய தாளில் அச்செடுத்து சிமெண்ட் கிடங்கின் சுவரில் ஒட்டுகிறேன். பக்கத்தில் ஒரு பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். சென்ற ஆண்டு தீபாவளிக்கு முன் ஒட்டிய தாளில், பீகாரிலிருந்து வந்த சென்ட்ரிங் குழுவின் மேஸ்திரி ஐந்து கட்டங்களில் குறுக்குக் கோடு போட்டிருந்தார். கேட்டேன். அந்த நாட்களில், தீபாவளியை அடுத்து அவர்கள் ஊரில் கொண்டாடும் சத் பூஜைக்குப் போவதாகவும், ரயில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்றும் சொன்னார். அன்றிரவே உட்கார்ந்து ஏழாம் மாடித் தளத்தைத் தீபாவளிக்கு முன்னால் கொண்டுவந்தேன். இரண்டு இடங்களில் சிவப்பு உருவம் தோன்றியது. அந்த இரண்டையும் பற்றி மறுநாள் காலை யாரிடம் பேச வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.